தீ அலாரம் கமிஷனிங்: சேலம், ஏற்காடு கட்டட உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐந்து ரோடு, ஓமலூர் மெயின் ரோடு, செவ்வாய்ப்பேட்டை பக்கம் கடை, ஓட்டல், மண்டபம், மருத்துவமனை கட்டுகிறவர்களும், ஏற்காட்டில் லாட்ஜ், காட்டேஜ் நடத்துகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஏணியும் புகை டப்பாவுமாகக் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கும் ஆள் சொல்லும் பதில்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு அடிப்படை ஐ.எஸ். 2189 என்ற இந்தியத் தரநிலையும், 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தீப் பாதுகாப்பைப் பேசும் நான்காம் பகுதியும்.

வயரிங் முடிந்துவிட்டது, பேனலில் (கட்டுப்பாட்டுப் பெட்டியில்) பச்சை விளக்கு எரிகிறது. இதற்கு மேல் என்ன கமிஷனிங்?

பச்சை விளக்குக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கரன்ட் வருகிறது. திரையில் 'நார்மல்' என்று வந்தால், தன் கணக்கில் இருக்கும் கருவிகள் எல்லாம் பதில் சொல்கின்றன என்று பேனல் சொல்கிறது. கணக்கில் இல்லாத டிடெக்டரை, அதாவது புகையையோ சூட்டையோ உணரும் கருவியை, பற்றி அது வாயே திறக்காது. மூன்றாம் மாடி ஸ்டோர் ரூமில் பேஸ் (டிடெக்டர் பொருந்தும் அடித்தட்டு) மட்டும் மாட்டி, டிடெக்டரை லூப்பில் (பேனலோடு இணைக்கும் ஒயர் வளையத்தில்) சேர்க்காமல் விட்டிருந்தாலும் பச்சை எரியும். டிடெக்டரின் தூசி மூடியைக் கழற்றாமல் விட்டிருந்தாலும் எரியும். ஹூட்டர் (அலாரச் சங்கு) சத்தம் பாத்ரூமுக்குள் இருப்பவருக்குக் கேட்காது என்றாலும் எரியும்.

கமிஷனிங் என்பது ஒவ்வொரு டிடெக்டருக்கும் புகை காட்டி, ஒவ்வொரு பிரேக் கிளாஸையும் (தீயைப் பார்த்தவர் கையால் அலாரம் அடிக்கும் பெட்டி) இயக்கி, ஒவ்வொரு ஹூட்டரையும் காதால் கேட்டு, லிஃப்ட் இறங்குகிறதா, ஏசி நிற்கிறதா, கதவு திறக்கிறதா என்று கண்ணால் பார்த்து எழுதி வைப்பது. சாம்பிளுக்குப் பத்து பார்த்தோம் என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. நூற்றுக்கு நூறு பார்க்க வேண்டும்.

எப்போது தொடங்கலாம்? திறப்பு விழாத் தேதி குறித்தாகிவிட்டது.

அந்தத் தேதிதான் பெரும்பாலான கட்டடங்களில் சிக்கலே. கார்பென்டர் பிளைவுட் அறுத்துக்கொண்டிருக்க, பெயின்டர் சுவர் தேய்த்துக்கொண்டிருக்க, அதற்கு நடுவே டிடெக்டர் மூடியைக் கழற்றிப் பரிசோதித்தால் உள்ளே புகையை உணரும் ஒளி அறைக்குள் தூசி புகுந்துவிடும். திறந்த மறுவாரமே காரணமில்லாமல் கத்த ஆரம்பிக்கும். ஃபால்ஸ் சீலிங், பெயின்ட், மர வேலை எல்லாம் முடிந்து, தரை பெருக்கித் துடைத்த பிறகுதான் மூடியைக் கழற்ற வேண்டும். ஏசியும் ஓட வேண்டும். அது ஓடாமல் பார்த்தால், காற்று வீசும்போது புகை எந்தப் பக்கம் போகும் என்பது தெரியாமலே போய்விடும்.

இன்னொன்று, இ.பி. நிரந்தர இணைப்பும் ஜெனரேட்டரும் வந்திருக்க வேண்டும். கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக லைனில் பேனலை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பாதி கமிஷனிங்.

திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு வாரமாவது அமைப்பை முழுதாக ஓடவிட்டு, என்னென்ன வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பாக ஐம்பது டிடெக்டருக்கு மேல் உள்ள கட்டடத்தில் இந்த ஒரு வாரத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது.

வயரிங்கில் என்ன பார்ப்பீர்கள்? எலக்ட்ரீஷியன் ஏற்கெனவே பார்த்துவிட்டாரே.

கருவிகளை மாட்டுவதற்கு முன்பே மெகர் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்நூறு வோல்ட்டை லைனில் ஏற்றி, ஒயருக்கும் ஒயருக்கும் இடையே, ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது. டிடெக்டரோ பேனலோ மாட்டியிருக்கும்போது மெகர் போட்டால் அத்தனை எலெக்ட்ரானிக்ஸும் போய்விடும். அதனால்தான் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாது.

லூப் வயரிங் என்றால், பேனலிலிருந்து கிளம்பிய ஒயர் எல்லாக் கருவிகளையும் தொட்டுவிட்டு மறுபடியும் பேனலுக்கே வரும். நடுவில் ஓரிடத்தில் அறுந்தாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் செய்தி போகும். அது உண்மையா என்று பார்க்க, ஒரு டிடெக்டர் பேஸில் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். பேனலில் 'ஓபன் லூப்' ஃபால்ட் வர வேண்டும், ஆனால் மற்றக் கருவிகள் எல்லாம் உயிரோடு இருக்க வேண்டும். அப்புறம் இரண்டு ஒயரையும் ஷார்ட் செய்து பார்க்க வேண்டும். ஷார்ட் ஆன இடத்துக்கு இருபுறமும் உள்ள ஐசோலேட்டர்கள் அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிட வேண்டும். மாடி முழுக்கப் படுத்துவிட்டால், ஐசோலேட்டரே போடவில்லை அல்லது தப்பான இடத்தில் போட்டிருக்கிறார்கள். கொட்டேஷனில் மாடிக்கு ஒன்று என்று எழுதி, சைட்டில் மொத்தத்துக்கே ஒன்று மாட்டுவது இந்த ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. எஃப்.ஆர்.எல்.எஸ். என்று அச்சடித்திருப்பதைக் காட்டி, 'சார், இது தீயிலயும் வேலை செய்யும்' என்பார்கள். அது தீயைப் பரப்பாது, புகையைக் குறைவாக விடும், அவ்வளவுதான். தீக்குள் நின்றுகொண்டு சிக்னலைக் கடத்தும் கேபிள் வேறு, விலையும் வேறு. ஹூட்டர் லைனுக்கும் பேனலுக்கு வரும் மின்சப்ளைக்கும் அந்த இரண்டாவது ரகத்தைப் போடுவது என் கட்சி. முதல் மாடி எரியும்போது நான்காம் மாடி ஹூட்டர் கத்திக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா?

கன்வென்ஷனல், அட்ரஸபிள் இரண்டில் எதற்குக் கமிஷனிங் சுலபம்?

கன்வென்ஷனலில் ஒரு ஜோனுக்கு, அதாவது கட்டடத்தின் ஒரு பகுதிக்கு, ஒரு லைன். லைன் அறுபடாமல் இருக்கிறதா என்று பேனல் தெரிந்துகொள்ள, கடைசி டிடெக்டரில் எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர் இருக்கும். அந்த ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே மாட்டிவிட்டால் வெளியே லைனே இல்லாவிட்டாலும் 'நார்மல்' காட்டும். அதைக் கண்ணால் போய்ப் பாருங்கள். அட்ரஸபிளில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண், ஒரு பெயர். வேலை கூடுதல், பலனும் கூடுதல். சின்னக் கடைக்கு முதலாவது போதும். மூன்று மாடிக்கு மேல் போனாலோ, அறைகள் அதிகம் என்றாலோ இரண்டாவதுதான் சரி.

டிடெக்டரை ஊதுபத்தி காட்டிப் பரிசோதிக்கலாமா?

வேண்டாம். பீடி, சிகரெட், துணியைக் கொளுத்துவது எதுவும் வேண்டாம். அந்தப் புகையில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒளி அறையில் ஒட்டிக்கொண்டு பிற்பாடு தொல்லை கொடுக்கும். இதற்கென்றே ஏரோசால் டப்பா வருகிறது. நீளக் கம்பின் முனையில் கிண்ணம் மாதிரி ஒன்றை மாட்டி, டிடெக்டரை மூடிப் புகையை விட வேண்டும். ஹீட் டிடெக்டருக்குச் சூடான காற்று. சாதாரண ரகம் 57 அல்லது 58 டிகிரி செல்சியஸில் இயங்கும். லைட்டர் பிடித்தால் பிளாஸ்டிக்தான் உருகும்.

டிடெக்டரில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அடுத்ததற்குப் போய்விடுவது பாதி வேலை. ஏணியில் ஒருவர், பேனல் முன்னால் ஒருவர், இருவர் கையிலும் போன் இருக்க வேண்டும். ஒரு ஜவுளிக்கடையில் இப்படித்தான் நடந்தது. மேலே இருந்த பையன் சொன்னான்: "அண்ணா, ரெண்டாவது மாடி, ட்ரையல் ரூம் வாசல், புகை விட்டாச்சுங்க." கீழே திரையில் வந்தது: மூன்றாம் மாடி பில்லிங். "மறுபடி விடு தம்பி." மறுபடியும் அதே மூன்றாம் மாடி பில்லிங். இரண்டு டிடெக்டரின் எண்ணும் மாறிப் போயிருந்தது. டிடெக்டரும் நல்லது, பேனலும் நல்லது, ஹூட்டரும் கத்தியது. நிஜமாகத் தீப்பிடித்திருந்தால் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தப்பான மாடிக்கு ஓடியிருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

புகை விடும்போதே இடத்தையும் பாருங்கள். ஏசி காற்று வரும் கிரில்லிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கிறதா? உத்தரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா? ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 800 மில்லிமீட்டருக்கு அதிகமான இடைவெளி இருந்தால் அங்கேயும் டிடெக்டர் வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது என்பதால் கீழே ஒரு ரெஸ்பான்ஸ் இண்டிகேட்டர் விளக்கும் வேண்டும். டிராயிங்கில் இருந்தாலும் சைட்டில் அடிக்கடி காணாமல் போவது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் இந்த டிடெக்டர்கள்தான். ஒரு டைலையாவது தூக்கிப் பாருங்கள்.

நூறு டிடெக்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஏணி நகர்த்தி, புகை விட்டு, பேனலில் பெயரைச் சரிபார்த்து, ரீசெட் செய்து, எழுத ஒன்றுக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். நூறுக்கு ஐந்து முதல் ஏழு மணி நேரம் வரும். இது டிடெக்டருக்கு மட்டும். லிஃப்ட், ஏசி, பேட்டரி, சத்தம் எல்லாம் தனி. சாப்பாட்டுக்குப் பிறகு வந்து ஐந்து மணிக்குள் ரிப்போர்ட் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றால், என்ன நடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹூட்டர் சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பொதுவான இடங்களில் 65 டெசிபல், அல்லது அங்கே வழக்கமாக இருக்கும் இரைச்சலைவிட 5 டெசிபல் கூடுதல், இரண்டில் எது அதிகமோ அது. ஆட்கள் தூங்கும் அறையில் படுக்கையின் தலைமாட்டில் 75 டெசிபல். மீட்டர் இல்லாமல் 'நல்லாக் கேக்குதுங்க' என்று சொல்வது கணக்கில் சேராது.

லாட்ஜில் எப்போதும் விட்டுப்போவது ஒன்று உண்டு. காரிடாரில் ஹூட்டர் மாட்டி, அறைக் கதவைத் திறந்துவைத்து அளப்பார்கள். விருந்தாளி கதவைச் சாத்திக்கொண்டுதானே தூங்குவார்? சாதாரணக் கதவே இருபது டெசிபல் வரைக்கும் தின்றுவிடும், தீத்தடுப்புக் கதவு என்றால் இன்னும் அதிகம். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, மீட்டரைத் தலையணை மேல் வைத்து அளந்து பாருங்கள். 75 வரவில்லை என்றால் அறைக்குள்ளேயே சவுண்டர் (சத்தம் கொடுக்கும் கருவி) வேண்டும்.

ஜவுளிக்கடைக்கு வேறு கதை. தீபாவளி நெருக்கத்தில் மாடிக்கு மாடி ஸ்பீக்கரில் பாட்டும் விளம்பரமும் ஓடும். அலாரம் வந்ததும் பாட்டு தானாக நிற்க வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ரிலேயையும் (பேனல் சொன்னதும் இயங்கும் ஸ்விட்ச்) கமிஷனிங் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். காது கேளாதவர்களும் வருவார்கள், பளிச் பளிச்சென்று மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு எங்கெங்கே தெரிகிறது என்றும் பாருங்கள்.

லிஃப்ட், ஏசி, கதவு எல்லாவற்றுக்கும் அலாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

அலாரம் கத்துவதோடு வேலை முடிவதில்லை. எந்த டிடெக்டர் அடித்தால் என்னென்ன நடக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். காஸ் அண்ட் எஃபெக்ட் என்பார்கள். லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும். ஏ.எச்.யூ. (ஏசி காற்றை மாடிகளுக்கு அனுப்பும் யூனிட்) நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாடிப் புகையை எல்லா மாடிக்கும் அதுவே கொண்டு போய்ச் சேர்க்கும். படிக்கட்டுக்குள் புகை நுழையாமல் காற்றழுத்தம் கொடுக்கும் ஃபேன் ஓட வேண்டும். கார்டு காட்டித் திறக்கும் கண்ணாடிக் கதவின் காந்தப் பூட்டு விட வேண்டும். ஓட்டல் சமையலறையில் கேஸ் லைனின் சோலனாய்டு வால்வு (மின்சாரத்தில் இயங்கும் அடைப்பான்) மூட வேண்டும்.

இதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கான்ட்ராக்டர் கையில் இருக்கும். அலாரக்காரர் 'நான் சிக்னல் கொடுத்துட்டேன்' என்பார், லிஃப்ட்காரர் 'எங்களுக்கு சிக்னலே வரலைங்க' என்பார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். நடுவில் இரண்டு மீட்டர் ஒயர் யார் கணக்கிலும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். எல்லாரையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வரச் சொல்லுங்கள். அது ஒன்றுதான் வழி. ரிலே 'டக்' என்று சத்தம் போட்டதைக் கேட்டுவிட்டு டிக் அடிக்காதீர்கள். லிஃப்டை நான்காம் மாடியில் நிறுத்தி, அலாரம் அடித்து, அது கீழே வந்து கதவு திறப்பதைப் பார்த்த பிறகு டிக் அடியுங்கள். மறுபடி அதையே இ.பி. சப்ளையை நிறுத்திவிட்டுச் செய்து பாருங்கள்.

பேட்டரி எத்தனை ஏ.எச். (ஆம்பியர்-மணி) வேண்டும்? சப்ளையர் எப்போதும் ஏழு போதும் என்கிறார்.

கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். பொதுவாக வைக்கும் அளவு: கரன்ட் இல்லாமல் 24 மணி நேரம் அமைதியாக ஓட வேண்டும், அதற்குப் பிறகும் அரை மணி நேரம் எல்லா ஹூட்டரும் கத்த வேண்டும்.

உங்கள் பேனல் சும்மா இருக்கும்போது 0.25 ஆம்பியர் இழுக்கிறது, அலாரத்தில் 1.2 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.25 பெருக்கல் 24 என்றால் 6. 1.2 பெருக்கல் 0.5 என்றால் 0.6. மொத்தம் 6.6. பேட்டரி வயதாகும்போது குறைவதற்காக 1.25ஆல் பெருக்கினால் 8.25. ஏழு போதாது, 8.25க்குக் குறையாத அளவைத்தான் வாங்க வேண்டும். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை சீரிஸில் சேர்த்து 24 வோல்ட். இரண்டும் ஒரே மாதிரி, ஒரே சமயத்தில் வாங்கியதாக இருக்கட்டும். இழுக்கும் கரன்ட்டை கேட்டலாக்கிலிருந்து எடுக்காமல் மீட்டரை வைத்து அளந்து எழுதுங்கள்.

சேலத்துச் சித்திரை வெயிலில், ஜன்னல் இல்லாத எலக்ட்ரிக்கல் ரூமில் பேனல் இருந்தால் பேட்டரி சீக்கிரம் போய்விடும். லெட் ஆசிட் பேட்டரிக்குச் சூடுதான் எமன். வாங்கிய தேதியை மார்க்கரில் பேட்டரி மேலேயே எழுதி வையுங்கள்.

பேனலுக்குத் தனி எம்.சி.பி. (ஷார்ட் ஆனால் தானாக விழும் ஸ்விட்ச்) வேண்டும், வேறு எதுவும் அதில் ஓடக் கூடாது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பேனலுக்குப் பக்கத்து பிளக்கில் செல்போன் சார்ஜர் போட்டு, அது ஷார்ட் ஆகி எம்.சி.பி. விழுந்து, பேட்டரியும் தீர்ந்து, மாதக்கணக்கில் செத்துக்கிடந்த பேனல்கள் இருக்கின்றன. எம்.சி.பி. மேல் 'தீ அலாரம், அணைக்காதீர்கள்' என்று தமிழிலேயே ஒட்டுங்கள்.

எங்கள் கல்யாண மண்டபத்தில் ஓமம் வளர்ப்பார்கள். முகூர்த்த நேரத்தில் அலாரம் அடித்தால் என்ன செய்வது?

இது நியாயமான கேள்வி. இதற்கு மண்டபக்காரர்கள் கண்டுபிடித்திருக்கும் விடைதான் நியாயமில்லாதது: பேனலையே ஆஃப் செய்துவிடுவது. காலை நான்கு மணிக்கு ஆஃப் செய்தால், பந்தி முடிந்து, ரிசப்ஷன் முடிந்து, அடுத்த கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்ட பிறகும் ஆன் செய்திருக்க மாட்டார்கள். அதே நேரத்தில் பின்பக்கம் சமையல்கூடத்தில் பத்து அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். மண்டபத்தில் நிஜமான ஆபத்து அங்கேயும், மேடைப் பந்தல் துணியிலும் சீரியல் விளக்கு ஒயரிலும்தான்.

செய்ய வேண்டியது இது. மணமேடைக்கு மேலே உள்ள டிடெக்டர்களை டிசைன் சமயத்திலேயே தனிக் குழுவாக வைக்கச் சொல்லுங்கள். புகை, வெப்பம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மல்டி சென்சார் அங்கே நல்லது. அட்ரஸபிள் பேனலில், அந்தக் குழுவில் புகை உணர்வை மட்டும் சில மணி நேரம் நிறுத்திவைத்து, வெப்பத்தை ஓடவிடலாம். நேரம் முடிந்ததும் தானாகத் திரும்பி வரும்படி வைக்கவும் பல பேனல்களில் வசதி உண்டு. வாங்கும் முன்பே அதைக் கேளுங்கள். மற்ற இடங்களில் எதையும் தொட வேண்டாம். பிரேக் கிளாஸ்கள் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். ஓமம் முடியும்வரை மேடைப் பக்கம் ஒருவர் தீயணைப்பானோடு நிற்க வேண்டும். யார், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை நிறுத்தினார் என்று பேனலுக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டில் கையெழுத்து வேண்டும்.

கமிஷனிங்கின்போது மேடையில் நிஜமாகவே ஓர் ஓமகுண்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். மண்டபம் திறக்கும்போது எப்படியும் கணபதி ஹோமம் செய்வீர்கள், அன்றைக்கே பார்த்தால் செலவும் இல்லை. புகை எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியும். மேடைக்கு நேர் மேலே தங்காமல், மாப்பிள்ளை அறைக் காரிடாரில் போய்த் தேங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைகளில் வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் இதே வழிதான். தூபக்காலை டிடெக்டருக்கு நேர் கீழே காட்டாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆயுத பூஜை அன்று மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

ஏற்காட்டில் லாட்ஜ். பனி இறங்கினால் அலாரம் அடிக்கிறது. டிடெக்டர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அது தன் வேலையைத்தான் செய்கிறது. ஆப்டிகல் ஸ்மோக் டிடெக்டருக்குள் ஓர் ஒளிக்கதிர் போகும். புகைத் துகளில் பட்டு அது சிதறினால் சென்சாருக்குத் தெரியும். மூடுபனியின் நீர்த்துளியும் அதே மாதிரி சிதறடிக்கும். லேக் பக்கம் மாலையில் இறங்கும் பனி வரவேற்பறைக் கதவு வழியாக உள்ளே வந்தால், டிடெக்டருக்கு அது புகைதான்.

கீழே சேலத்தில் போட்ட டிசைனை அப்படியே இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுபோய் ஏற்காட்டில் மாட்டினால் இப்படித்தான் ஆகும். திறந்த வராந்தாவிலும் வாசல் கதவை ஒட்டியும் புகை டிடெக்டர் வேண்டாம். வரவேற்பறையில் மல்டி சென்சார் போட்டு, கதவிலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள். குளியலறைக் கதவுக்கு நேர் எதிரே வைத்தால் கீஸர் ஆவியும் அடிக்கும். இங்கே எல்லோரும் சுடுதண்ணீரில்தான் குளிக்கிறார்கள். சென்சிடிவிட்டியைக் குறைத்துவிடுவது கடைசி வழி. குறைத்தால் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு, மறுபடி புகை காட்டிப் பாருங்கள்.

மலையில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. தனித்தனிக் காட்டேஜ்களுக்கு மண்ணுக்கடியில் கேபிள் போனால் கோடை இடியில் சர்ஜ் (திடீர் மின்னழுத்தம்) வந்து பேனலின் லூப் கார்டைப் பொசுக்கும். ஒவ்வொரு காட்டேஜுக்கும் ஐசோலேட்டரும், கேபிள் கட்டடத்தைவிட்டு வெளியேறும் இடத்தில் சர்ஜ் பாதுகாப்பும் வேண்டும். பாறை மண்ணில் எர்த் சரியாகக் கிடைக்காது, எர்த் ரெசிஸ்டன்ஸை மழைக்காலத்தில் அளக்காமல் கோடையில் அளந்து பாருங்கள். வெளியில் தெரிகிற கேபிளைக் குரங்கு இழுக்கும், பைப்புக்குள் விடுங்கள்.

கமிஷனிங்குக்கும் நாள் பார்க்க வேண்டும். மே மாதக் கோடை விழாவுக்கு முன்னால், நல்ல வெயிலில் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டது, கார்த்திகைப் பனியில் நிற்காது. பனிக்காலத்தில் ஒரு தடவை திரும்பி வந்து பார்க்கும் வேலையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

வெள்ளிப் பட்டறை, சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி, தறிக்கூடத்துக்கு?

ஓட்டலுக்குப் போட்டது ஆகாது. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்புப் புகையும் அமில ஆவியும் எப்போதும் இருக்கும். அங்கே ஹீட் டிடெக்டர் போடுங்கள், பேஸ் துரு பிடிக்கிறதா என்றும் அடிக்கடி பாருங்கள். சேகோ பேக்டரியில் மாவுத் தூசி. அது டிடெக்டரை அடைப்பது ஒருபக்கம், காற்றில் அடர்த்தியாகப் பறந்தால் பொறி பட்டு வெடிக்கவும் செய்யும் என்பது இன்னொரு பக்கம். அந்தப் பகுதிக்குள் போடும் மின்கருவி அதற்கென்று சான்று பெற்றதாக இருக்க வேண்டும். தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசியை மாதம் ஒருமுறையாவது வேக்குவம் வைத்து எடுங்கள். உயரமான ஷெட் என்றால் ஓரிடத்தில் மட்டும் பார்க்கும் பாயின்ட் டிடெக்டருக்குப் பதில், ஷெட்டின் குறுக்கே ஒளிக்கதிர் விட்டுப் பார்க்கும் பீம் டிடெக்டர்.

தீயணைப்புத் துறை என்.ஓ.சி. வாங்கிவிட்டோம். பிறகும் கமிஷனிங் ரிப்போர்ட் எதற்கு?

தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை அதிகாரி வந்து பார்ப்பார், சிலவற்றை இயக்கச் சொல்வார். உங்கள் கட்டடத்தின் அத்தனை டிடெக்டருக்கும் புகை காட்டுவது அவர் வேலை இல்லை. என்.ஓ.சி.யைக் காட்டி கான்ட்ராக்டரிடம் பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கருவி வாரியான ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

ஒப்படைக்கும்போது என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

எந்தக் கருவி எங்கே என்று, கட்டியபடியே திருத்திய டிராயிங். கருவி வாரியாக டெஸ்ட் ரிப்போர்ட், சத்த அளவு, பேட்டரிக் கணக்கு. லாக் புக். அப்புறம் எல்லாரும் மறக்கும் ஒன்று: பேனல் புரோகிராமின் காப்பியும் பாஸ்வேர்டும். அது கான்ட்ராக்டரின் லேப்டாப்பில் மட்டும் இருந்தால், நாளைக்கு ஒரு டிடெக்டர் பெயரை மாற்றக்கூட அவரைத்தான் கெஞ்ச வேண்டும்.

பேனல் திரை ஆங்கிலத்தில் இருக்கிறது. வாட்ச்மேனுக்குப் படிக்கத் தெரியாதே?

பெரும்பாலான பேனல்களில் தமிழ் வராது. அதனால் பேனலுக்குப் பக்கத்திலேயே மாடி வரைபடத்தைத் தமிழில் ஒட்டுங்கள். திரையில் 'எல்1 டி23' என்று வராமல், பார்த்ததும் புரிகிற பெயராக வைக்கச் சொல்லுங்கள். ஊழியர்கள் அந்த இடத்தை என்ன சொல்லி அழைக்கிறார்களோ அந்தப் பெயர்தான் வேண்டும். டிராயிங்கில் 'ரீட்டெயில் ஏரியா 2' என்றிருந்தாலும் கடையில் எல்லோருக்கும் அது 'பட்டு செக்‌ஷன்'தான்.

இரவுக் காவலரிடம் ஒருமுறை கேட்டேன், "அண்ணா, இது அடிச்சா என்ன பண்ணுவீங்க?" அவர் தயங்காமல் சொன்னார்: "இந்தப் பட்டனை அமுக்கினா நின்னுடும்ங்க." சைலன்ஸ் பட்டன். அவருக்கு யாரோ அதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கமிஷனிங்கின் கடைசி வேலையே இதைச் சரிசெய்வதுதான். முதலில் எந்த இடம் என்று திரையிலும் வரைபடத்திலும் பார்க்க வேண்டும். ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். தீ என்றால் ஆட்களை வெளியேற்றி 101க்கோ 112க்கோ போன் செய்ய வேண்டும். தீ இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே சைலன்ஸ், அதற்குப் பிறகு ரீசெட். ரீசெட் செய்தால் எங்கே அடித்தது என்ற தகவல் திரையிலிருந்து போய்விடும், அதனால் அவசரப்படக் கூடாது. இரண்டு ஷிப்ட் ஆட்களையும் வரவழைத்து, அவர்கள் கையாலேயே செய்ய வைத்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகு என்ன பராமரிப்பு?

வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், ஒரு பிரேக் கிளாஸைச் சாவி போட்டு இயக்குங்கள். ஒவ்வொரு வாரமும் வேறு வேறு பிரேக் கிளாஸ். ஊழியர்களுக்கும் அந்தச் சத்தம் பழகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரியும் சில டிடெக்டர்களும், வருடத்துக்குள் எல்லா டிடெக்டரும் பார்த்து முடிய வேண்டும். ஏ.எம்.சி.க்காரர் (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்) பேனலைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கினால் விடாதீர்கள், புகை டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைக்குள் ஒரு பார்ட்டிஷன் மட்டும் போடப் போகிறோம். மறுபடி கமிஷனிங்கா?

அந்தப் பகுதிக்கு மட்டும் வேண்டும். ஒரு ஹாலை இரண்டாகப் பிரித்தால் ஒரு பாதியில் டிடெக்டரே இல்லாமல் போகலாம், ஹூட்டர் சத்தமும் உள்ளே எட்டாமல் போகலாம். புது அறைக்குள் நின்று கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். பிரேக் கிளாஸுக்குப் போக முப்பது மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருந்தால் இன்னொன்று மாட்டுங்கள். பார்ட்டிஷன் போடும் நாட்களில் பக்கத்து டிடெக்டர்களுக்குத் தூசி மூடி போடுவார்கள். எத்தனை மூடி போட்டார்கள் என்று எண்ணி எழுதி வைத்து, வேலை முடிந்ததும் அத்தனையும் கையில் வந்து சேர்ந்ததா என்று எண்ணி வாங்குங்கள்.